வாவி நீரின் ஒட்சிசனை அளக்க ஓர் ஏற்பாடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த வரட்சிக் காலத்தில், வாவியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபட்டிருந்த நாட்களில், மூன்று நாட்கள் வானம் மூடிக் கிடந்ததன் பின்னர் வந்த ஒரு விடியற்காலையில், எங்கள் ஊருக்குப் பின்னால் உள்ள மட்டக்களப்பு வாவியின் கரையில் மணலை மீன்களும் கொடுவா மீன்களும் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிக் கிடந்தன. யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று கரையில் நின்ற ஒருவர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் அயலூரின் பெயரைச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் இரண்டு ஊர்ச் சனங்களும் முகம் பாராத நிலைமை உண்டாகிவிட்டது. நீரை ஒருவரும் சோதிக்கவில்லை. சோதிப்பதற்கென ஒரு போத்தல் நீரையேனும் எடுத்து வைத்தவரும் இல்லை. முப்பது வருடங்களுக்கு மேல் விஞ்ஞானம் கற்பித்த நானும் அன்று வெறுங்கையோடுதான் கரையில் நின்றேன். அந்த மனவருத்தமே இக்கடிதத்தை எழுத வைக்கின்றது.

நாம் சுவாசிக்கும் வளியில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன் உள்ளது. அதாவது ஒரு லீற்றர் வளியில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. ஆனால், 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள ஒரு லீற்றர் நன்னீர், வளியோடு எவ்வளவு நேரம் கலந்தாலும், ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஏறிய நீருக்கு அவ்வளவும் இயலாது. நீரின் மூலக்கூறிலேயே ஒட்சிசன் இருக்கின்றபோது மீனுக்கு ஏன் குறை என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்டதுண்டு. அந்த ஒட்சிசன் ஐதரசனோடு இறுகப் பிணைந்தது. மீனின் பூக்களால் (செவுள்களால்) அதனைப் பிரித்தெடுக்க இயலாது. மீனுக்கு உதவுவது நீரினுள் தனியாகக் கரைந்திருக்கும் அந்தச் சில மில்லிகிராம்கள் மாத்திரமே. லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும். இரண்டுக்குக் கீழே இறங்கினால், நீந்தித் தப்பக்கூடியவை தப்பும், மற்றவை மடியும்.

இந்தச் சிறிய இருப்பு ஒரு நாளைக்குள்ளேயே ஏறி இறங்குகின்றது என்பதைத்தான் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். நீர்த் தாவரங்கள் வெயிலில் ஒட்சிசன் குமிழிகளை வெளிவிடுகின்றன, இருளில் அவ்வாறு செய்வதில்லை என்பதை 1779 ஆம் ஆண்டிலேயே யான் இங்கன்ஹௌஸ் என்னும் மருத்துவர் காட்டினார். நமது வாவியின் அல்காக்களும் (பாசிகளும்) பகலில் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசனைத் தருகின்றன. பொழுது பட்ட பின்னர் அவையும் மீன்களைப் போலவே சுவாசித்து, பகலில் தாம் தந்ததைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே வாவியில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும் வேளை விடியலுக்குச் சற்று முந்திய வேளையாகும். இரண்டு மூன்று நாட்கள் மூடலாக இருந்துவிட்டால் பகலில் சேர வேண்டியதும் சேராது. எங்கள் கரையில் மீன் செத்தது அப்படியொரு மூடலின் மறுநாள் விடியற்காலையில் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கு மேல் நாம் செய்வதும் சேர்கின்றது. வயலில் இட்ட யூரியாவும் வீடுகளின் கழிவுநீரும் வாவியில் இறங்கும்போது அல்காக்கள் பச்சைக் குழம்பாகப் பெருகுகின்றன. அவை மடிந்து அடியில் படியும்போது, அவற்றை உக்கச் செய்யும் பற்றீரியாக்கள் எஞ்சிய ஒட்சிசனைச் செலவழிக்கின்றன. மீன் வெட்டிய கழிவையும் கோழிக் கழிவையும் பையில் கட்டி இரவோடிரவாக வாவியில் எறிகின்றவர்கள், வாவி அதனை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எண்ணுகின்றார்கள். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைக்கு அண்மை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி ஓடும் ஆறு அல்ல. பாலமீன்மடு முகத்துவாரம் அடைபட்டிருக்கும் மாதங்களில் கடல்நீர் உள்ளே வருவதும் இல்லை, வாவி நீர் வெளியேறுவதும் இல்லை. அந்நாட்களில் எறியப்படும் ஒவ்வொரு பையும் எறிந்த இடத்திலேயே உக்கி, அவ்விடத்து மீனின் மூச்சைக் குடிக்கின்றது. நீரில் மிதந்து பரவும் களைகளான ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் சிரமதானத்தில் அகற்றுவது நல்ல காரியம்; ஆனால் பிடுங்கியதைக் கரைநீரிலேயே குவித்துவிட்டுச் செல்வது, அகற்றாமல் விட்டதற்குச் சமமான கேட்டைத் தருகின்றது.

கண்டல் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. சேற்றினுள் ஒட்சிசன் இல்லாத காரணத்தினால்தான் அவற்றுள் சில, பென்சில்களை நட்டு வைத்தாற்போல மூச்சுவேர்களை மேலே நீட்டி வளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலான மீன்களுக்கு அந்த வழி இல்லை.

நஞ்சு ஒருபோதும் கலக்கப்படுவதில்லை என்று நான் வாதிடவில்லை. அது நடந்தால் கண்டுபிடித்துத் தண்டிக்கவே வேண்டும். ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழிகள் உண்டு. ஒட்சிசன் குறைந்து மீன் சாகும்போது அது பெரும்பாலும் விடியற்காலையில் நிகழும். முதலில் மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். பெரிய மீன்கள் முந்திச் சாகும். விராலும் சுங்கானும் வளியிலிருந்து நேரே சுவாசிக்கக்கூடியவை ஆதலால், நன்னீர்ப் பக்கங்களில் மற்றவை மடிந்த இடத்திலும் அவை உயிரோடு இருக்கும். மாறாக, பூச்சிநாசினி கலந்த நீரில் மீனுக்கு முன்னர் இறாலும் சிறு பூச்சிகளும் மடிவதுண்டு. வீச்சுவலைக்காரருள் முதியவர்களுக்கு இந்த அடையாளங்கள் பல தெரியும்; அவர்களிடம் கேட்பார்தான் இல்லை. அடையாளங்களால் ஐயத்தைக் குறைக்கலாம், ஆயினும் ஊர்ச் சண்டையைத் தீர்க்கக்கூடியது ஓர் எண்.

அந்த எண்ணைப் பெறுவதற்குக் கொழும்பிலிருந்து எவரும் வரத் தேவையில்லை. கரைந்த ஒட்சிசனை அளக்கும் வின்க்லர் முறை, 1888 ஆம் ஆண்டில் வெளியானது, இன்று நமது உயர்தர இரசாயனவியல் மாணவர்களின் செய்முறைகளுள் ஒன்று. குமிழி புகாதபடி போத்தலை நீரினுள்ளேயே நிரப்பி, மங்கனீசு சல்பேற்றையும் காரங்கலந்த அயடைட்டையும் சேர்த்து மூட வேண்டும். நீரில் ஒட்சிசன் இருந்தால் கபில நிற வீழ்படிவு தோன்றும்; அறவே இல்லையெனில் அது வெண்மையாகவே இருக்கும். இவ்வளவும் கரையிலேயே, அந்த நிமிடத்திலேயே செய்யப்பட வேண்டியவை. பின்னர் பாடசாலை ஆய்வுகூடத்தில் அமிலம் சேர்த்தால், இருந்த ஒட்சிசனின் அளவுக்கேற்ப அயடீன் வெளிவரும். அதில் மாப்பொருளைச் சேர்த்தால் தோன்றும் நீல நிறம் மறையும் வரை, அளவி என்னும் அளவுக்குழாயிலிருந்து தயோசல்பேற்றை விட்டால் கணக்குக் கைக்கு வந்துவிடும். பரீட்சைக்காகக் குழாய்நீரில் ஒரு தடவை செய்து, பதிவேட்டில் எழுதி மூடிவிடுகின்ற இச்செய்முறையை, பாடசாலை மதிலுக்கு அப்பால் கிடக்கும் வாவி நீரில் ஏன் செய்யக்கூடாது?

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் மேற்குக் கரையான படுவான்கரையிலும் வாவியை அண்டியுள்ள, உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடக்கின்ற பாடசாலைகள், கிழமைக்கு ஒரு நாள் ஒரே விடியற்காலையில் தத்தம் கரையில் நீர் எடுத்து அளக்க வேண்டும். பிள்ளைகளைத் தனியாக இருளில் நீரில் இறக்கக்கூடாது; நீரை ஆசிரியரின் முன்னிலையில் மீனவர் ஒருவர் தோணியிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். இரசாயனப் பொருட்களுக்கு ஆகும் செலவு பெரிதன்று; அதனை வலயக் கல்வி அலுவலகங்களும் மீனவர் சங்கங்களும் பகிர்ந்துகொள்ளலாம். அளவு 3 மில்லிகிராமுக்குக் கீழே போன அன்றே சங்கங்களுக்கு அறிவித்தால், கூடுகளில் மீன் வளர்ப்போர் அவற்றை வேளைக்கு அறுவடை செய்யவேனும் வாய்ப்புக் கிடைக்கும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற விவாதத்திலும், வெள்ளத்தின் உயரத்தோடு இந்த எண்ணும் ஒரு பக்கத்தில் இடம்பெறும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாரி காலத்தில் உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீர்மட்டம் எத்தனை அடி என்று பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் விவசாயிகள் வேறு வேலைக்குப் போகின்றார்கள். அதைப் போல வாவியின் ஒட்சிசன் அளவுக்கும் ஒரு சிறு கட்டம் ஒதுக்கித் தருவீர்களாயின், தோணிக்காரரும் அதனைத் தேடி வாசிப்பர். இவ்வருடம் முகத்துவாரம் அடைபடுவதற்கு முன்னர் எந்தப் பாடசாலையாவது தொடங்க முன்வந்தால், கரைசல்களைத் தயாரித்துக் கொடுக்கவும், முதல் சில விடியல்களில் பிள்ளைகளோடு கரையில் நிற்கவும் நான் ஆயத்தமாக இருக்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.