தீனி எப்படிப் போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்

விலங்குகள் எதை, எப்போது, ஏன் தின்கின்றன என்று ஆராய்கிறவர்களுக்கும், அந்தக் கட்டுரைகளை ஏற்று வெளியிடும் இதழாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் இல்லை, உங்கள் கட்டுரைகளை விடாமல் படிக்கிற ஒரு வாசகன், அவ்வளவுதான். கட்டுரை கையில் கிடைத்ததும் முடிவுரையை விட்டுவிட்டு நேரே செய்முறைப் பகுதிக்குப் போவது என் பழக்கம். மூளையின் எந்த இடத்தில் எந்த மருந்தை எத்தனை மைக்ரோகிராம் செலுத்தினீர்கள், எந்த நுண்ணோக்கியில் பார்த்தீர்கள் என்பதெல்லாம் அங்கே பத்தி பத்தியாக இருக்கும். தீனி பற்றித் தேடினால், உணவும் நீரும் தடையின்றி வழங்கப்பட்டன என்று ஒரே ஒரு வரி. ஆராய்வதே தின்பதைப் பற்றி, அதில் தின்னக் கொடுத்த விதத்துக்கு ஒரு வரிதானா?

எப்போது போட்டீர்கள் என்பதையே எடுத்துக்கொள்வோம். சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி, தீனியில் பெரும்பகுதியை இருட்டில்தான் தின்னும். தீனி போடுகிறவரோ பெரும்பாலும் பகலில் வேலைக்கு வந்து போகிறவர். தீனியைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்ற சோதனைகளில் இது பெரிய சிக்கல். குறைத்த தீனியை ஒரே வேளையாகப் போட்டால், பசித்த சுண்டெலி இரண்டு மணி நேரத்தில் அதை முடித்துவிட்டு மறுநாள் வரை பட்டினி கிடக்கும். அப்படியானால் ஆயுளைக் கூட்டியது குறைந்த தீனியா, நீண்ட பட்டினியா, அல்லது தின்ற நேரமா? 2022இல், உடலின் உயிர்க்கடிகாரத்தை ஆராயும் ஜோசப் டகஹாஷியின் குழு தானியங்கித் தீனிக் கருவிகளை வைத்து இதைப் பிரித்துப் பார்த்தது. ஆண் சுண்டெலிகளுக்கு 30 சதவீதம் குறைத்த தீனியைப் பகலும் இரவுமாகப் பரப்பிக் கொடுத்தபோது ஆயுள் 10 சதவீதம்தான் கூடியது, அதே அளவை அவை விழித்து நடமாடும் இரவில் மட்டும் கொடுத்தபோது 35 சதவீதம் வரை போனது. தீனியின் அளவு ஒன்றுதான், மாறியது நேரம். இதைப் படித்த பிறகு, நேரத்தைக் குறிப்பிடாத பழைய கட்டுரைகளை நான் எந்தக் கணக்கில் வைத்துக்கொள்வது?

குரங்குகள் விஷயம் இன்னும் வேடிக்கை. விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனமும் ரீசஸ் குரங்குகளுக்குத் தீனியைக் குறைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தன. 2009இல் விஸ்கான்சின், முதுமை நோய்களும் அவற்றால் வரும் சாவும் குறைகின்றன என்றது. 2012இல் மற்ற நிறுவனம், ஆயுளில் மாற்றமே இல்லை என்றது. செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம், ஆளுக்கொரு தலைப்பு. ஆனால் தீனியைப் போய்ப் பாருங்கள்: விஸ்கான்சின் கலவையில் ஏறத்தாழ 28 சதவீதம் சர்க்கரை, மற்றதில் சுமார் 4 சதவீதம். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த, தீனிக் குறைப்புக்கு உட்படாத குரங்குகளின் நிலையும் வேறு. விஸ்கான்சினில் அவை வேண்டிய மட்டும் தின்றன, மற்ற இடத்தில் குண்டாகிவிடக் கூடாது என்று அவற்றுக்கும் அளந்துதான் போட்டார்கள். ஒப்பிடவேண்டிய குரங்குகளே ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்தால் வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? இரு ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து, தரவை ஒன்றாக அலசி, 2017இல்தான் பொதுவான கட்டுரை எழுதின. அவ்விரண்டு குழுக்களும் தீனி விவரத்தை மறைக்கவில்லை, அதனால்தான் இவ்வளவாவது தெரிந்தது, அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

கொழுப்புத் தீனி ஆய்வுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவுக்குச் சுத்திகரித்த பொருட்களால் செய்த கொழுப்புக் கலவை, ஒப்பீட்டுக்கு வழக்கமான தானியத் தீனி. இரண்டிலும் கொழுப்பு மட்டுமா வேறு? நார்ச்சத்து வேறு, சர்க்கரை வேறு, புரதம் வந்த இடம்கூட வேறு. அப்புறம் தலைப்பில் மட்டும் எல்லாப் பழியும் கொழுப்பின் மேல்.

அடுத்தது கூண்டு. எடை போட வசதி என்று ஒரு கூண்டில் ஒரு சுண்டெலியை விடுகிறீர்கள். சுண்டெலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியது, ஆய்வக அறையோ நமக்கு ஏற்றபடி 20 முதல் 24க்குள். துணை இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும், தனியாக இருந்தால் உடம்புச் சூட்டைக் காக்கவே கூடுதலாகத் தின்னும். நீங்கள் பசி என்று பதிவு செய்வதில் ஒரு பங்கு குளிர். எலிகளுக்கு வேறொரு இழப்பும் உண்டு. தின்றுவிட்டு வந்த எலியின் மூச்சை முகர்ந்து பார்த்து, அதே தீனியைத் தேடிப் போவது அவற்றின் வழக்கம். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த பென்னட் கேலஃப் 1980களில் இதை அழகாகக் காட்டினார். தின்ற எலி நோயுற்றுக் கிடந்தாலும் முகர்ந்த எலி அந்தத் தீனியையே விரும்புமாம்! இப்படிப்பட்ட பிராணியைத் தனியே அடைத்துவிட்டு அதன் உணவுத் தேர்வை அளந்தேன் என்றால், எதை அளந்தீர்கள் என்று கேட்கத்தானே வேண்டும்.

எடை போடுவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தட்டில் குறைந்த தீனியெல்லாம் வயிற்றுக்குள் போனது என்று எழுதிவிடுகிறீர்கள். சில சுண்டெலிகள் தீனி வில்லையைக் கொறித்துப் பொடியாக்கிக் கீழே தள்ளிவிடும், தின்னவே தின்னாது. அந்தத் தூள் மரச்சீவலுக்குள் புதைந்து, மூத்திரத்தில் ஊறி, எச்சத்தோடு கலந்து கிடக்கும். சலித்து, பிரித்து, உலர்த்தி எடை போடுவது அலுப்பான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் செய்யாவிட்டால் வெறுமனே பொடியாக்கும் சுண்டெலி உங்கள் கணக்கில் பெருந்தீனிக்காரன் ஆகிவிடுகிறது. மருந்து கொடுத்ததால் அந்தக் கொறிக்கும் பழக்கமே மாறியிருந்தால்? மருந்து பசியைக் குறைத்தது என்று கட்டுரை வந்துவிடும்.

இதழாசிரியர்களே, இங்கே உங்கள் பங்கும் உண்டு. விலங்கு ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன சொல்லவேண்டும் என்று பட்டியலிடும் அரைவ் (ARRIVE) வழிகாட்டுதல் 2020இல் புதுப்பிக்கப்பட்டது, அதில் கட்டாயம் சொல்லவேண்டியவை பத்து. விலங்குகளின் இருப்பிடமும் பராமரிப்பும் அந்தப் பத்தில் இல்லை, பரிந்துரைப் பட்டியலில்தான் இருக்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கு அது போதுமா போதாதா என்று அந்தத் துறைக்காரர்கள் சொல்லட்டும், உணவுப் பழக்க ஆய்வுக்குப் போதாது. தீனியின் கலவை, போட்ட நேரம், விளக்கு எரிந்த நேரம், அறை வெப்பம், கூண்டில் எத்தனை பேர், சிந்தியதை அளந்தார்களா, இவை இல்லாத கட்டுரையை மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்பிவிடுங்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், ஆய்வகக் குறிப்பேட்டில் ஏற்கனவே இருப்பதுதான். பக்கம் போதவில்லை என்றால் இணைப்புக் கோப்பில் போடுங்கள், நான் அங்கேயும் தேடி வந்து படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செய்முறைப் பகுதியை முதலில் படிக்கும் ஒரு வாசகன்