அப்பீல் போக ஆறு வாரம்

ஆசிரியருக்கு,

கனடாவின் சில்கோட்டின் பழங்குடியினருக்கு அவர்களின் காணி உரிமை வழக்கில் 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. குடியிருந்த சிறு துண்டுகளுக்கு மட்டுந்தானாம் உரிமை! மேலே போக அனுமதி கேட்டார்கள், 2013இல் கிடைத்தது. 2014இல் ஏறக்குறைய 1,750 சதுர கிலோமீற்றருக்கு அவர்களின் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது, வேட்டைக்குப் போய்வந்த காடும் சேர்த்து.

வன்னியில் எங்கள் மேட்டுக் காணிக்குள்ளும் நாங்கள் நடாத எல்லைக்கல் நிற்கிறது. பெர்மிட் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது, கிணறுதான் சாட்சி. சரி, வழக்குப் போட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றால்? நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் அப்பீலுக்கு விசேட அனுமதி கேட்கத் தீர்ப்பிலிருந்து ஆறு வாரந்தான். கொழும்புக்கு பஸ் ஏறவே காசு புரட்ட வேண்டியவர்கள் நாங்கள். தீர்ப்பன்றே அந்தக் கடைசித் திகதியை நீதிமன்றம் தமிழில் எழுதிக் கையில் தரட்டும்.

காணிக்காரன்,
ஒட்டுசுட்டான்