கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் வாங்கலாமா என்று கேட்டு அனுப்பிய வீட்டுமனை பிளாட் நோட்டீஸைப் பார்த்தேன். எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று முனகிக்கொண்டிருந்தேன், உன் அம்மா போனைப் பிடுங்கி விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். மதுரையில் தோப்பூர் பக்கம், நாலு வழிச்சாலையில் இருந்து இரண்டே நிமிஷம், எய்ம்ஸ் பக்கத்தில், மெட்ரோ ஸ்டேஷன் நடக்கிற தூரம். எல்லாம் போட்டிருக்கிறான், பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் போடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் டிக்கெட் கிழித்தவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் மெட்ரோ கதையை முடித்துவிடுகிறேன். திருமங்கலத்தில் இருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டது நிஜம். ஆனால் 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2017ல் போட்ட மெட்ரோ கொள்கைப்படி ஊருக்கு 20 லட்சம் ஜனம் வேண்டும், மதுரைக்கு அவ்வளவு இல்லை என்றார்கள். அது 2011 சென்சஸ் கணக்கு, அதற்கப்புறம் யார் வந்து எண்ணினார்கள் என்று இங்கே டீக்கடையில் எல்லாரும் கேட்கிறார்கள், நியாயம்தான். நாளைக்கு மறுபடி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் வராத ரயிலுக்கு இப்போதே சென்ட்டுக்கு இத்தனை என்று கூட்டி விலை சொல்கிறான் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், அப்போது அந்தப் பக்கம் இடம் வாங்கினவர்கள் எத்தனை வருஷம் வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று உனக்கே தெரியும், உன் பெரியப்பாவும் அதில் ஒருவர்.

மதுரைக்குச் சென்னை மாதிரி புறநகர் ரயிலெல்லாம் எப்போதுமே கிடையாது என்று மாப்பிள்ளை போன தடவை சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை. இருந்தது, அதற்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். 1875ல் திருச்சியில் இருந்து மதுரைக்கு ரயில் வந்தது, அடுத்த வருஷமே தூத்துக்குடி வரைக்கும் போய்விட்டது. அந்தப் பாதையில்தான் திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் இருக்கின்றன. வடக்கே சோழவந்தான், சமயநல்லூர். காலையில் பாசஞ்சரில் பால் தூக்கும் வெற்றிலைக் கட்டும் மில்லுக்குப் போகிற ஆளும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். ஹார்வி மில் ஸ்டேஷனை ஒட்டித்தானே இருந்தது, ஷிப்ட் சங்கு ஊதினால் ஊரே அந்தப் பக்கம் நடக்கும். மில்காரர்களுக்காக திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த ஹார்விபட்டியைத் தாண்டித்தான் நீ ஸ்கூலுக்குப் போனாய்.

எங்கள் பக்கத்து ரயில் போடி ரயில். 1928ல் போட்டது, போடி மலையில் இருந்து ஏலக்காய் இறங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், சுதந்திரத்துக்கு அப்புறம்தான் மறுபடி போட்டார்கள். உன் தாத்தா அதைச் சொல்லும்போது ரயிலைத் திருடிவிட்டுப் போனான் வெள்ளைக்காரன் என்றுதான் சொல்வார். ஆண்டிபட்டிக் கணவாயில் அது ஏறுகிற வேகத்தில் நாங்கள் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்ப ஏறியிருக்கிறோம். 2010 கடைசியில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று நிறுத்தினார்கள், தேனி வரை திரும்ப ஓடியது 2022 மே மாதம், போடிக்குப் போக 2023 ஜூன் ஆகிவிட்டது. அந்தப் பதினோரு வருஷத்துக்கு மேல் ரயிலில் போன கூட்டம் முழுக்க உசிலம்பட்டி ரோட்டு பஸ்ஸில் ஏறியது, அதில் பாதிக் காலம் கண்டக்டர் நான். செக்கானூரணியில் கூட்டம் ஏறினால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில்தான் நகர முடியும்.

பஸ் கதை வேறு. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912ல் தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் பஸ் விட ஆரம்பித்தது, அப்புறம் மதுரைதான் அவர்களுக்குத் தலைமை இடம். டி.வி.எஸ் பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள் என்று நீயும் கேட்டிருப்பாய், உன் தாத்தா வீட்டில் கடிகாரமே கிடையாது, பஸ்தான் கடிகாரம். மாட்டு லாடத்து ஆணி டயரைக் குத்தும் என்று காந்தம் வைத்து ரோட்டில் ஆணி பொறுக்கினார்கள் என்றும் தாத்தா சொல்வார். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் போனபோது கரிவாயுவில் பஸ் ஓட்டினார்கள், அந்தக் கேஸ் பிளான்ட்டை அவர்களே செய்தார்கள். 1972ல் அரசு பஸ்களை எடுத்துக்கொண்டபோது மதுரைக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது, சென்னைக்குப் பல்லவன், கோவைக்குச் சேரன். நான் பாண்டியன் என்று எழுதிய பஸ்ஸில் சேர்ந்தேன். 1997ல் விருதுநகர் பக்கம் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கியதை ஒட்டிச் சாதிக் கலவரம் வந்து, கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று எழுதிய பஸ்ஸில் ரிட்டயர் ஆனேன். சீட்டு அதே சீட்டுதான், தகரம் அதே இடத்தில்தான் கிழிக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் கிடையாது. ஒரு ஊர் மதுரையோடு சேர்ந்ததா இல்லையா என்று நாங்கள் பார்த்த கணக்கு ஒன்று உண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் அது. 1840கள்வாக்கில் பிளாக்பர்ன் கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து ஊரைத் திறந்துவிட்டார், அந்தச் சுவர் நின்ற வெளிவீதியில்தான் இன்றைக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது. கோட்டைக் கதவு மாதிரித்தான் கடைசி பஸ்ஸும். அது போய்விட்டால் நீ வெளியூர்க்காரி.

நைட் ஹால்ட் பஸ் உனக்கு ஞாபகம் இருக்காது. ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குப் பெரியாரில் கிளம்பி, செக்கானூரணி தாண்டி உள்ளே போய், ஊர்க் கோயில் ஆலமரத்தடியில் பஸ் படுத்துவிடும். டிரைவர் பின் சீட்டில் படுப்பார், கோடைகாலமென்றால் நான் மேலே லக்கேஜ் கம்பிக்கு நடுவில் போர்வையை விரிப்பேன். யாராவது ஒரு வீட்டில் இருந்து தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்துவிடும், எந்த வீடு என்று அவர்களுக்குள்ளேயே முறை உண்டு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கலெக்‌ஷன் எண்ணி இன்வாய்ஸில் டிக்கெட் கணக்கு எழுதுவேன். விடியக்காலை நாலே முக்காலுக்கு என்னை எழுப்புவது மல்லிகைப்பூ வாசம்தான். பூ மூட்டையை ஈரச்சாக்கோடு தூக்கிப் போடுவார்கள், தண்ணீர் என் போர்வையில் சொட்டும். முதல் டிரிப்பில் பாதி பேர் பூக்காரம்மாக்கள், லக்கேஜ் டிக்கெட் போடச் சொன்னால் "ஏப்பா, பூவுக்குக் கூடவா" என்று ஆரம்பித்துப் பெரியார் வரும்வரை விடமாட்டார்கள்.

அரசு பஸ்ஸுக்கு வருவதற்கு முன்னால் சில வருஷம் ஒரு தனியார் பஸ்ஸில் இருந்தேன், அப்போது நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு இருபத்துமூன்று வயசு. கடைசி டிரிப் 9.40. அன்றைக்கு நல்ல மழை, கூட்டம் இல்லை, இனி யார் வரப்போகிறார்கள் என்று 9.36க்கே விசில் அடித்துவிட்டேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பெண் தினமும் வருவாள், கடை சாத்தி ஓடி வந்து ஏறுவாள். அன்றைக்கும் ஓடி வந்திருக்கிறாள். நான் பின் கண்ணாடியில் ஒரு குடையைப் பார்த்தேன், பார்த்தும் ஓல்டான் சொல்லி நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போயிருக்கிறாள். மறுநாள் ராத்திரி ஏறினாள். சில்லறையைச் சரியாகக் கொடுத்துவிட்டு, "நேத்து நாலு நிமிஷம்ணே" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு மாசம் அவளைக் காணவில்லை, வீட்டில் வேலைக்கு விடவில்லை என்று கூட வேலை பார்த்த பெண் சொன்னாள். ஓனர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, டீசல் மிச்சம் என்றுகூட நினைத்திருப்பார். ரிட்டயர் ஆகிற வரைக்கும் கடைசி டிரிப்புக்கு நான் இரண்டு நிமிஷம் தாமதமாகத்தான் ரைட் கொடுத்தேன், மெமோ வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

இப்போது உன் இடத்துக்கு வருகிறேன். முன்னால் வெளியூர் பஸ்ஸெல்லாம் ஊருக்குள்ளேயே வரும், தெற்கே இருந்து வருவது பழங்காநத்தம், வடக்கே கிழக்கே அண்ணா பஸ் ஸ்டாண்ட், மேற்கே ஆரப்பாளையம். 1999ல் மாட்டுத்தாவணி திறந்தார்கள். பெயரிலேயே இருக்கிறது, மாட்டுச் சந்தை கூடின இடம். ஊருக்குள் நெரிசல் குறைந்தது, மறுக்கவில்லை, ஆனால் தெற்கே போகிற பஸ்கள் ரிங் ரோட்டில் சுற்றிப் போய்க் கப்பலூர் பக்கம் ஏறின. நடுவில் இருக்கிற திருப்பரங்குன்றம், திருநகர், தோப்பூர்க்காரனுக்கு அந்த பஸ்ஸால் என்ன பிரயோஜனம்? அவன் டவுன் பஸ்ஸை நம்பித்தான் இருக்க வேண்டும். பெரியார், கிரைம் பிராஞ்ச், பழங்காநத்தம், பைக்காரா, பசுமலை, மூலக்கரை என்று நின்று நின்று வரும். பைக்காரா நீலகிரியில் அல்லவா இருக்கிறது என்று நீ சின்ன வயசில் கேட்டாயே, அங்கே இருந்து வந்த கரண்டுக்கு இங்கே வைத்த சப்ஸ்டேஷன் பெயர்தான் ஸ்டாப்புக்கு ஒட்டிக்கொண்டது. 2019ல் பெரியாரை இடித்து 2021 டிசம்பரில் திறந்தார்கள், அதுவரைக்கும் எந்த பஸ் எந்தத் தெருவில் நிற்கும் என்று எனக்கே குழம்பும்.

மினி பஸ் 1997ல் வந்தது நல்ல காரியம், பெரிய பஸ் போகாத ஊருக்கெல்லாம் அது போனது. ஆனால் ஓனருக்குக் கட்டுப்படி ஆகாவிட்டால் ராத்திரி டிரிப்பைத்தான் முதலில் வெட்டுவார். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. உன் அம்மா இப்போது திருமங்கலத்தில் கத்தரிக்காய் மலிவு என்று திருமங்கலத்துக்கே போய்விடுகிறாள், நான் மட்டும் டிக்கெட் எடுத்துக் கூடப் போகிறேன். ஓசி என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அன்றைக்கு மத்தியானம் ரசம் மட்டும்தான்.

எனக்குக் கேட்டால், மெட்ரோவுக்குக் காத்திருப்பதைவிட, இரட்டைப் பாதையாகிவிட்ட இந்த ரயில் ரோட்டில் திண்டுக்கல்லுக்கும் விருதுநகருக்கும் நடுவே காலையும் மாலையும் நாலைந்து குட்டி ரயிலை விட்டாலே போதும். என்னை யார் கேட்கிறார்கள்.

அதனால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. வருகிற வெள்ளிக்கிழமை ஓசூரில் மத்தியானமே பஸ் ஏறுங்கள். மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் பெரியார் வந்து, சாப்பிட்டுவிட்டு, கடைசித் திருமங்கலம் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். டைம் கீப்பர் ரூமில் கேட்டால் நேரம் சொல்வார்கள், பலகையில் போட்டிருப்பதை நம்பாதே. கூத்தியார்குண்டு விலக்கில் நிற்குமா என்று ஏறும்போதே கேட்டுக்கொள். அங்கே இறங்கி பிளாட் வரைக்கும் நடந்து பார்ப்போம், அந்த இரண்டு நிமிஷம் எத்தனை நிமிஷம் என்று. லைட் இருக்கிறதா, நாய் எத்தனை, எல்லாம் ராத்திரிதான் தெரியும். நான் விலக்கில் டார்ச்சோடு நிற்கிறேன். ஆட்டோவில் வந்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்வார், விடாதே. சில்லறை வைத்துக்கொள், உனக்கு வேண்டாம், அவருக்கு மட்டும்.

அப்பா