பாரிஸ் நாவலில் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிஸில் நடக்கும், பெண்களின் வாழ்க்கையைப் பேசும் நாவல்கள் குறித்துத் தங்கள் நூல் பக்கத்தில் வந்த கட்டுரை சேன் நதி, கஃபே, மழைத் தெரு என்றே சுற்றிவந்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நாவல்களில் முதலில் பார்க்க வேண்டியது கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை.

கணவனுக்குக் கீழ்ப்படிவது மனைவியின் கடமை என்று 1804ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டம் எழுதியே வைத்தது. தன் கூலியைத் தானே கையாளும் உரிமை மணமான பெண்ணுக்கு 1907இல் வந்தது, வாக்குரிமை 1944இல். கணவன் சம்மதமின்றி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965 வரை காத்திருந்தார்கள். ஆகவே 1950களின் நாயகி அலமாரித் துணிக்கடியில் பணம் சேர்த்தால் அதைக் கஞ்சத்தனம் என்று படித்துவிடக் கூடாது. விவாகரத்தை 1816இல் ஒழித்து 1884இல்தான் மீட்டார்கள், அதுவும் மற்றவர்மேல் குற்றம் நிரூபித்தால் மட்டும். பிடிபட்ட கடிதமும் வேலைக்காரியின் சாட்சியமும் கதையில் ஏன் அவ்வளவு கனக்கின்றன என்பது அப்போது விளங்கும். பரஸ்பர சம்மதத்தில் பிரிய வழி திறந்தது 1975இல்.

அடுத்து மாடி. லிஃப்ட் வருவதற்கு முன் ஒரே கட்டடத்தின் கீழ் மாடிகளில் பணக்காரர்கள். ஏற ஏற வசதி குறையும். கூரையடியில் பணிப்பெண்களின் அறை, நடைவழியில் பொதுக் குழாய். ‘ஆறாம் மாடி’ என்ற ஒரு சொல்லே அவள் வருமானத்தைச் சொல்லிவிடும். பிரெஞ்சுக்காரர்களும் நம்மைப் போலத் தரைத்தளத்தை விட்டுத்தான் எண்ணுவார்கள். அமெரிக்க ஆங்கிலம் வழியாக வரும் மொழிபெயர்ப்பில் ஒரு மாடி கூடிவிடும், கவனிக்கவும்.

இன்று நகரில் 20 வட்டாரங்கள். 1860க்கு முன் 12தான். ‘13ஆம் வட்டாரத்தில் கல்யாணம் செய்தவர்கள்’ என்றால் தாலிகட்டாமல் சேர்ந்து வாழ்பவர்கள் என்று அந்தக் காலத்துக் கிண்டல். இது தெரியாமல் வரைபடத்தில் தேடினால் இடம் கிடைக்கும், பொருள் கிடைக்காது.

பணத்தில் 20 சூ ஒரு பிராங்க். 1960இல் 100 பழைய பிராங்க் ஒரு புதிய பிராங்க் ஆனது. பழக்கம் விடாமல் பலர் வெகுகாலம் பழைய கணக்கிலேயே பேசினார்கள். 1960களின் கதையில் ‘பத்தாயிரம்’ என்பது வெறும் நூறாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு ‘நீ’, ‘நீங்கள்’ விஷயத்தில். பிரெஞ்சில் இரண்டும் உண்டு, தமிழிலும் உண்டு. இடையில் நிற்கும் ஆங்கிலத்தில் இல்லை. அதனால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கணவன் வாயில் ‘நீ’யும் மனைவி வாயில் ‘நீங்க’ளும் நம் வழக்கப்படி வைத்துவிடுகிறார்கள். மூலத்தில் தம்பதியர் பெரும்பாலும் இருவருமே ‘நீ’. மேட்டுக்குடி வீடுகளில் இருவருமே ‘நீங்கள்’. காதலர்கள் ‘நீங்க’ளிலிருந்து ‘நீ’க்கு இறங்கும் வரிதான் பல நாவல்களில் திருப்புமுனை. தமிழில் அந்த வரி சத்தமில்லாமல் கடந்துபோகிறது.

தங்கள் நூல் பக்கத்தில் விலை, பக்கங்களோடு நூல் பிரெஞ்சிலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்