நீங்கள் கேட்காமல் போன மெட்டுகள்: ஹெர்பி நிக்கோல்ஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஹெர்பி நிக்கோல்ஸ் அவர்களுக்கு,

ஜாஸ் பியானோ வாசித்து, சொந்தமாக மெட்டுகளும் எழுதிய நீங்கள் 1963 ஏப்ரல் 12 அன்று ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது உங்களுக்கு 44 வயது. அதற்கப்புறம் உங்கள் மெட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் நல்ல சேதிதான்.

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே உங்கள் கஷ்டத்துக்குப் போய்விடுகிறார்கள். சொந்த மெட்டுகளை வாசிக்க மேடை கிடைக்கவில்லை. பிழைப்புக்காக டிக்ஸிலேண்ட் எனும் பழைய பாணி ஜாஸ் குழுக்களில் பழைய பாட்டுகளை வாசித்தீர்கள். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 'பேஜ் த்ரீ' என்ற கிளப்பில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தீர்கள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் 'ஐயோ பாவம்' என்று ஆரம்பிக்கிறவர்கள் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதைப் பேச ஆளில்லாமல் போகிறது. அதில் எனக்குக் கோபம் உண்டு.

'ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்' மெட்டையே எடுத்துக்கொள்கிறேன். பேரில்தான் விருந்து. விருந்துக்கு வந்தவர் வாசலில் நின்று, உள்ளே போவதா இப்படியே திரும்பிவிடுவதா என்று தயங்குவது போல அந்த மெட்டு இரண்டு அடி வைக்கிறது, நிற்கிறது, பக்கவாட்டில் நகர்கிறது. சந்தோஷமான பாட்டா, வருத்தமான பாட்டா என்று கடைசிவரை நீங்கள் சொல்வதில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நான் வேறு வேறு முடிவுக்கு வருகிறேன். மாக்ஸ் ரோச் பின்னால் டிரம்ஸ் வாசிக்கிறார். 'பின்னால்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உங்கள் பாட்டுகளில் டிரம்ஸ் பின்னால் இருப்பதே இல்லை.

எனக்கு உங்களிடம் மிகவும் பிடித்தது இதுதான். அன்றைய ஜாஸில் டிரம்ஸ்காரர் தாளத்தைப் பிடித்துக்கொள்வார், எல்லோரும் தங்கள் சுற்றை முடித்த பிறகு அவருக்கும் ஒரு தனிச் சுற்று கொடுப்பார்கள். நீங்கள் மெட்டு எழுதும்போதே டிரம்ஸுக்கு இடம் விட்டு எழுதினீர்கள். பியானோ ஒரு வரி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், மிச்சத்தை டிரம்ஸ் சொல்லும், அது சொல்லாவிட்டால் மெட்டே முடியாது. ஒரு பாட்டுக்கு 32 பார், அதாவது 32 தாள ஆவர்த்தனம், என்ற வழக்கமான கணக்கிலும் உங்கள் பாட்டுகள் பல அடங்குவதில்லை. உங்கள் பெற்றோர் செயின்ட் கிட்ஸிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் வந்தவர்கள். அந்தத் தீவுகளின் தாளம் உங்கள் விரல்களில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் பிறந்த சான் வான் ஹில் என்ற நியூயார்க் பேட்டை இப்போது இல்லை. நீங்கள் இருக்கும்போதே இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உலகத்தின் பெரிய இசைக்குழுக்கள் வாசிக்கிற லிங்கன் சென்டர் அங்கேதான் எழுந்தது. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் வளர்ந்ததும் அதே பேட்டையில்தான். மங்க்கை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத 1940களிலேயே அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர் நீங்கள். அப்புறம் காலமெல்லாம் உங்களை 'மங்க் மாதிரி' என்றே சொன்னார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை. மங்க்கின் மெட்டு வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து அடிக்கும். உங்களுடையது போய்க்கொண்டே இருக்கும், நடந்த வழியில் திரும்பாது. காது கொடுத்துக் கேட்ட யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது.

காது கொடுத்தவர்களும் இருந்தார்கள். பியானோக்காரர் மேரி லூ வில்லியம்ஸ் 1951லேயே உங்கள் மெட்டுகளைப் பதிவு செய்தார். புளூ நோட் ரெக்கார்டு கம்பெனியின் ஆல்ஃபிரட் லயனை வருஷக்கணக்கில் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் 1955 மே முதல் 1956 ஏப்ரல் வரை ஐந்து முறை உங்களை ஸ்டூடியோவில் உட்காரவைத்தார். டிரம்ஸில் முதலில் ஆர்ட் பிளேக்கி, பிறகு மாக்ஸ் ரோச். ரெக்கார்டுகள் விற்கவில்லை. 1957இல் பெத்லஹேம் கம்பெனிக்கு இன்னும் ஒரு ஆல்பம், அதோடு சரி.

'செரனேட்' என்று பேர் வைத்து நீங்கள் எழுதிய மெட்டுக்கு பில்லி ஹாலிடே வரிகள் எழுதி, 'லேடி சிங்ஸ் தி புளூஸ்' ஆக்கிப் பாடினார். அந்தப் பேரைத் தெரியாத ஜாஸ் ரசிகர் இல்லை. மெட்டு யாருடையது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

இனி நீங்கள் கேட்டிராத கதை. உங்கள் தலைமையில் வந்த ஆல்பங்கள் எல்லாமே பியானோ, பாஸ், டிரம்ஸ் என்ற மூன்றோடு நின்றவை. டிரம்பெட்டோ சாக்ஸபோனோ சேர்ந்து உங்கள் மெட்டை எடுக்கிற மாதிரி உங்கள் பேரில் ஒரு ஆல்பம்கூட வரவில்லை. அந்த மெட்டுகளைக் கேட்டால் ஊதுகிறவர்களுக்கும் சேர்த்து எழுதியவை என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால்தான் இந்தக் குறை உறுத்துகிறது. அதைத் தீர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ராஸ்வெல் ரட். 1960களின் தொடக்கத்தில் உங்களோடு சேர்ந்து வாசித்த அந்த இளம் ட்ரோம்போன்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். அவரும் உங்களை மறக்கவில்லை. 1982இல் ஸ்டீவ் லேசி, மிஷா மெங்கல்பெர்க், ஹான் பென்னிங்க் ஆகியோரோடு சேர்ந்து 'ரீஜெனரேஷன்' என்று ஒரு ரெக்கார்டு போட்டார். ஒரு பக்கம் முழுக்க உங்கள் மெட்டுகள், மறு பக்கம் முழுக்க மங்க்கின் மெட்டுகள். உங்களை மங்க்கின் நிழலில் வைத்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? 1990களில், யாருமே பதிவு செய்திராத உங்கள் பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆல்பங்கள் கொண்டுவந்தார்.

புளூ நோட் நாட்களில் வெளிவராமல் கிடந்ததையும் சேர்த்து 1987இல் மொசைக் கம்பெனி மொத்தமாக ஒரு பெட்டியாக வெளியிட்டது. ஃபிராங்க் கிம்ப்ரோ என்ற பியானோக்காரரும் பென் ஆலிசன் என்ற பாஸ்காரரும் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்கே போனார்கள். காப்புரிமைக்காக நீங்கள் அனுப்பிவைத்திருந்த தாள்களைத் தேடி எடுத்து, டிரம்பெட், சாக்ஸபோனோடு வாசித்து, உங்கள் பேரிலேயே ஒரு குழு நடத்தினார்கள். அன்றைக்கு நீங்கள் அலுக்காமல் காப்புரிமைக்குப் பதிந்துவைத்தது இப்படி உதவியது.

கெட்ட சேதி ஒன்றும் இருக்கிறது. நீங்கள் போன பிறகு அப்பாவின் வீட்டில் இருந்த உங்கள் கையெழுத்துத் தாள்களில் பல தண்ணீர் புகுந்து நாசமாகிவிட்டன. நீங்கள் எழுதியது மொத்தம் 170 மெட்டுகள் என்கிறார்கள். மிஞ்சியதைக் கேட்கும்போதெல்லாம் அழிந்தவற்றின் நினைப்பு வராமல் இருப்பதில்லை.

சரி, நீங்கள் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். 1984இல் பதிவான 'சேஞ்ச் ஆஃப் சீசன்'. ஆல்பம் முழுக்க உங்கள் மெட்டுகள்தான். மெங்கல்பெர்க் பியானோ, ஆர்யன் கோர்ட்டர் பாஸ். லேசியின் சோப்ரானோ சாக்ஸபோனும் ஜார்ஜ் லூயிஸின் ட்ரோம்போனும் சேர்ந்து உங்கள் மெட்டை எடுக்கின்றன. டிரம்ஸுக்கு நீங்கள் விட்டுவைத்த இடங்களில் பென்னிங்க் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்கிறார் என்பது என் கட்சி. என் நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. எழுதியவர் நீங்கள், நீங்கள் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் ரசிகன்