‘...புர்க்’ என்று முடியும் முத்திரை

நியூ ஜெர்சி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. அண்ணாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். கொஞ்சம் தெளிந்ததும் ‘சரியாப் போச்சு’ என்று நிறுத்திவிடும் ஆள் அவர். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் முருகனைக் கூப்பிடுகிறேன்.

நீ வேலை பார்த்த நூலகத்துக்கு இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மட்டும்தான் வருகிறார்கள், அவர்களும் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து நாற்காலிக்கும் மின்விசிறிக்கும்தான் உட்காருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ‘முப்பது வருஷம் நாம் செய்ததற்கு என்னடி பெயர்?’ என்று ஒரு கேள்வி வேறு. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. இப்போது ஓடுகிறது. காரணம் ஒரு புத்தகம்.

மகன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. அதோடு சேர்ந்து ஒரு சின்ன நூலகம், ஆறாயிரம் புத்தகம் இருக்கலாம். கூட்டம் குறைந்துபோய் அந்த இடத்தைக் குழந்தைகள் வகுப்புக்குக் கொடுக்கப் போகிறார்கள். புத்தகங்களைப் பிரித்துக் கட்ட ஆள் தேவை என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்து பருப்பு வேகிறதா என்று பார்ப்பதற்கு இது தேவலை என்று போனேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நான் இந்தியாவில் நூலகராக இருந்தவள் என்றதும் வேறெதுவும் கேட்கவில்லை. ‘டியூயி எண் 296-இல் உங்கள் ஊரில் என்ன வைத்திருந்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டார். புத்தகங்களைப் பாடவாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி முறை யூத மதத்துக்குக் கொடுத்த இடம் அது ஒன்றுதான். 200-களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கே போய்விட்டது, மிச்ச மதங்களுக்குக் கடைசி அலமாரி. ‘ஒரே ஒரு புத்தகம் இருந்தது, அதையும் யாரும் எடுத்ததில்லை’ என்றேன். சிரித்தார். அன்றிலிருந்து சிநேகம்.

அங்கே மூன்று பெட்டிகள். ஒன்று வேறு நூலகங்களுக்கு. ஒன்று கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிப் புத்தகங்களுக்கு, அவை மாசசூசெட்ஸில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊருக்குப் போகும். 1980-இல் ஆரன் லான்ஸ்கி என்ற இளைஞர் வீடு வீடாகப் போய் இத்திஷ் புத்தகம் சேர்க்க ஆரம்பித்த மையம் அது. உலகத்தில் மொத்தமே 70,000 புத்தகம்தான் மிஞ்சியிருக்கும் என்று அறிஞர்கள் அவரிடம் சொன்னார்களாம். சேர்ந்தது பத்து லட்சத்துக்கு மேல். மூன்றாவது பெட்டி கெனிசா. கடவுள் பெயர் எழுதிய தாளை அவர்கள் கிழித்துப் போடுவதில்லை, எரிப்பதில்லை. கிழிந்த ஜெபப் புத்தகங்களைச் சேர்த்துவைத்து, மனிதரைப் புதைப்பதுபோல இடுகாட்டில் புதைக்கிறார்கள். கெய்ரோவில் பழைய ஜெப ஆலயம் ஒன்று அப்படிச் சேர்த்ததைப் புதைக்காமல் ஓர் அறையிலேயே போட்டுவைத்திருந்தது. சாலமன் ஷெக்டர் 1897-இல் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனது மட்டும் 1,90,000 துண்டுகளுக்கு மேல். அந்தக் குப்பையில்தான் மங்களூரில் பதினேழு வருஷம் வியாபாரம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்பவரின் கடிதங்கள் கிடைத்தன. 12-ஆம் நூற்றாண்டு. மிளகு அனுப்புகிறவருக்கு ஏடனிலிருந்து நண்பர்கள் எழுதக் காகிதம் அனுப்பியிருக்கிறார்கள்!

சரி, என் புத்தகத்துக்கு வருகிறேன்.

முதல் வாரம் எனக்கு எபிரேய எழுத்தே தெரியாது. அந்த அம்மா தலைப்புப் பக்கத்தை மட்டும் படிக்கக் கற்றுக்கொடுத்தார். வருஷத்தை எழுத்துகளில் போட்டிருப்பார்கள். தாவ் என்றால் 400, ரேஷ் 200, சாமெக் 60. கூட்டினால் 660. அதோடு 1240 சேர்த்தால் 1900. ஆனால் அவர்கள் வருஷம் புரட்டாசி வாக்கில் பிறக்கிறது, அதனால் கேட்டலாகில் ‘1899 அல்லது 1900’ என்றுதான் போட வேண்டும். இதிலும் குறும்பு உண்டு. சில அச்சகங்கள் எண்ணை நேராகப் போடாமல் ஒரு வேதவசனத்தை அச்சடித்து, அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக்கிவிடும். பெரிய எழுத்துகளைப் பொறுக்கிக் கூட்டினால்தான் வருஷம் கிடைக்கும். நாம் பழைய தமிழ்ப் புத்தகத்தில் ‘சுக்கில வருஷம்’ என்று பார்த்துவிட்டு 1869-ஆ, 1929-ஆ என்று காகிதத்தை முகர்ந்து பார்த்துத் திண்டாடினோமே, அந்தத் திண்டாட்டத்துக்கு இது அண்ணன். ஆசிரியர் பெயரும் அப்படித்தான். இஸ்ரேல் மேயர் ககன் என்ற ரபியை, அதாவது யூத மதகுருவை, ஒருவரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. அவர் எழுதிய ‘ஹாஃபெட்ஸ் ஹயிம்’ என்ற புத்தகத்தின் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது. நம் செம்புலப்பெயனீரார் மாதிரி.

இரண்டாவது வாரம், கீழ்த்தட்டில், தோல் அட்டை உரிந்த ஒரு கனமான புத்தகம். அட்டையைத் திறந்தால் உள்பக்கத்தில் ஒரு ஒட்டுச்சீட்டு. எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் ‘யூதப் பண்பாட்டுப் புனரமைப்பு’ என்ற பொருளில் ஒரு அமைப்பின் பெயர். எதிர்ப்பக்கத்தில் இந்த நூலகத்தின் சொந்த முத்திரை, அக்சஷன் நம்பரோடு, அதாவது நூலகப் பதிவு எண்ணோடு. தலைப்புப் பக்கத்தின் மூலையில் ஊதா நிறத்தில் நீள்வட்டமாக இன்னொரு முத்திரை. ஜெர்மன் எழுத்து. நடுவில் ஈரம் பட்டு மை பரவியிருந்தது. ஊர்ப் பெயர் ‘...புர்க்’ என்று முடிவது மட்டும் தெரிந்தது. ஜெர்மனியில் புர்க் என்று முடியாத ஊரைத்தான் தேட வேண்டும்.

அந்த அம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ‘இது எந்தப் பெட்டியிலும் போகாது’ என்று மேஜை மேல் தனியாக வைத்தார். அன்றைக்கு வேலை அதோடு நின்றது. கதை கேட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன்.

நாஜிகள் புத்தகங்களை எரித்ததுதான் நமக்குத் தெரியும். திருடியதும் ஏராளம். யூதர்களை ‘ஆராய’ நிறுவனம் வைத்து, ஐரோப்பா முழுக்க நூலகங்களை அள்ளினார்கள். போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் பிராங்க்பர்ட் பக்கத்தில் ஆஃபன்பாக் என்ற ஊரில் அவற்றைக் குவித்தது. 30 லட்சத்துக்கும் மேல். பிரிக்க வந்த ஜெர்மானியத் தொழிலாளர்களுக்கு எபிரேயமோ இத்திஷோ தெரியாது. அங்கே பொறுப்பில் இருந்த ஐசக் பென்கோவிட்ஸ் ஒரு யோசனை செய்தார். புத்தகங்களில் இருந்த நூலக முத்திரைகளை எல்லாம் படம் எடுத்து, ஆளுக்குச் சில முத்திரைகளைப் பழக்கினார். எழுத்தைப் படிக்க வேண்டாம், உருவம் தெரிந்தால் போதும். புத்தகம் கைமாறிக் கைமாறிப் போகும், தன் முத்திரை வந்தால் எடுத்து அந்தப் பெட்டியில் போட வேண்டும். அப்படித்தான் லட்சக்கணக்கான புத்தகங்கள் நாடு திரும்பின. திரும்ப ஊரே இல்லாமல் போனவை ஏராளம். வாரிசற்ற அந்தச் சுமார் 5 லட்சம் புத்தகங்களை 1949 முதல் 1952 வரை இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் பிரித்துக் கொடுத்த அமைப்பின் சீட்டுதான் நான் பார்த்தது. சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் அதன் செயலாளராக இருந்து இந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம் புத்தகம் ஏதாவது பெரிய நூலகத்தில் இரட்டைப் பிரதியாக ஒதுக்கப்பட்டு இங்கே வந்திருக்கும் என்பது என் ஊகம்.

கமலா, நாம் படிக்கும்போது முத்திரை குத்துகிற வேலையை எப்படித் திட்டினோம்! தலைப்புப் பக்கம், கடைசிப் பக்கம், அப்புறம் ஒவ்வொரு நூலகமும் தனக்கென்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு முத்திரை குத்துமே, அந்த ரகசியப் பக்கம். மை காய்வதற்குள் புத்தகத்தை மூடி, எதிர்ப்பக்கத்திலும் பதிந்து, நீ வாங்கிய திட்டு. ‘இதற்கா பட்டம் படித்தோம்’ என்று கேண்டீனில் புலம்பினோம். ஒரு ஊரே அழிந்த பிறகு அந்த ஊருக்கென்று சாட்சி சொல்ல மிஞ்சியது ஒரு ரப்பர் முத்திரை.

இன்னொன்றும் படித்தேன், அதைச் சொல்லாமல் விட முடியாது. வில்னா, இன்றைய லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ். 1941-இல் நாஜிகள் யூதர்களைக் ‘கெட்டோ’ என்ற தனிச் சேரிக்குள் அடைத்ததும், ஹெர்மன் க்ரூக் என்ற நூலகர் அங்கே இருந்த ஒரு பழைய நூலகத்தைத் திறந்துவிட்டார். வார்சாவிலிருந்து தப்பி வந்தவர். சுற்றிலும் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய்ச் சுடுகிறார்கள், இவர் உட்கார்ந்து யார் என்ன எடுத்தார்கள் என்று புள்ளிவிவரம் எழுதுகிறார். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே, பக்கத்தை மடிக்காதே என்று அறிவிப்பு ஒட்டுகிறார். 1942 டிசம்பரில் ஒரு லட்சமாவது புத்தகம் கொடுத்ததற்கு விழா. மக்கள் பெரும்பாலும் எடுத்தது கதைப் புத்தகம்தான். முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ரெண்டு நாள் யோசித்த பிறகு, வேறு என்ன செய்திருப்பார் என்று தோன்றியது. தெரிந்த தொழில் அது.

அவரையும் கவிஞர் சுட்ஸ்கேவரையும் சேர்த்து நாற்பது பேர் வரை நாஜிகள் புத்தகம் பிரிக்க வைத்தார்கள். முப்பது சதவீதம் ஜெர்மனிக்கு, மிச்சம் காகித ஆலைக்குக் கூழாக. எது பிழைக்கும் எது சாகும் என்று கேட்டலாக் தெரிந்தவனே கையால் பிரிக்க வேண்டும். அவர்கள் உடைக்குள் ஒளித்து ஒளித்துச் சேரிக்குள் கடத்தினார்கள். சுட்ஸ்கேவர் அடுப்பெரிக்கக் கழிவுத்தாள் வேண்டும் என்று அனுமதிச்சீட்டே வாங்கிவிட்டார். க்ரூக் 1944 செப்டம்பர் 17-இல் எஸ்தோனிய முகாமில் தன் நாட்குறிப்பை மண்ணில் புதைத்தார். மறுநாள் கொன்றுவிட்டார்கள். புதைத்ததைப் பார்த்த ஒருவர் பிழைத்து வந்து தோண்டி எடுத்திருக்கிறார்.

அதே ஊரில், பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டலாக் வேலை பார்த்த லிதுவேனியப் பெண் ஓனா ஷிமைத்தே. யூதர் இல்லை. சேரிக்குள் போக ஒரு காரணம் வேண்டுமே? ‘எங்கள் யூத மாணவர்கள் எடுத்துப்போன புத்தகங்கள் கெடு தாண்டிவிட்டன, வாங்கிவர வேண்டும்’ என்று ஜெர்மானியரிடம் அனுமதி கேட்டார். கொடுத்தார்கள்! உள்ளே சாப்பாடு போனது, வெளியே கையெழுத்துப் பிரதிகளும் ஆட்களும் வந்தார்கள். கடைசியில் பிடித்துச் சித்திரவதை செய்து தாஹாவ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், உயிர் தப்பினார். கெடு தாண்டிய புத்தகத்துக்கு வீடு தேடிப் போய்த் திட்டு வாங்கிய நமக்கு இந்த அம்மாள் குலதெய்வம்.

இப்போது உன் கேள்வி. வில்னாவில் மிஞ்சியவற்றைத்தான் நியூயார்க்கில் இருக்கும் யீவோ என்ற யூத ஆய்வு நிறுவனமும் லிதுவேனிய நூலகங்களும் சேர்ந்து 2022-இல் ஸ்கேன் செய்து முடித்தார்கள். 40 லட்சம் பக்கங்களுக்கு மேல். இரண்டு நாட்டில் பிரிந்து கிடந்தது திரையில் ஒன்றாகிவிட்டது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது என்கிறார்களே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விவரம் எழுதாத நாற்பது லட்சம் படங்கள் இன்னொரு கெய்ரோ அறைதான். அதிலும் நிறைய ஸ்கேன்களில் அட்டையின் உள்பக்கத்தையும் வெற்றுத்தாளையும் ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். முத்திரை இருப்பதே அங்கேதான். என் ‘புர்க்’ புத்தகத்தை இணையத்தில் தேடினேன், மூன்று இடத்தில் முழுசாகக் கிடைக்கிறது. படிக்க அது போதும். இந்தப் பிரதி யார் வீட்டில் இருந்தது என்பது மேஜை மேல் இருக்கும் இதில் மட்டும்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் பல நூலகங்களில் இப்போது இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அலமாரி அலமாரியாகப் புத்தகத்தைத் திறந்து பெயர், கையெழுத்து, முத்திரை தேடி, பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பெர்லின் நகர நூலகம் அப்படிச் செய்கிறது. நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து நூலக விதிகளை நீ தூக்கத்திலும் ஒப்பிப்பாய். அதில் வாசகர் உண்டு, சொந்தக்காரர் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை, பாவம், அவருக்கு இது எப்படித் தெரியும்.

திங்கட்கிழமை முத்திரையை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்கப் போகிறோம். சாய்வெளிச்சத்தில் பரவிய மைக்கு அடியில் இன்னும் இரண்டு எழுத்தாவது தெரியும் என்று அந்த அம்மா சொல்கிறார். அவருக்கு விரல் நடுங்குகிறது, கேமரா என் பொறுப்பு. கண்டுபிடித்தால் எழுதுகிறேன், இல்லையென்றாலும் எழுதுகிறேன்.

அண்ணாவை விசாரித்ததாகச் சொல். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா? ஒன்று கேட்க வேண்டும், மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது. நம் கல்லூரி நூலகத்தின் ரகசியப் பக்கம் எத்தனை? 51 என்று நினைக்கிறேன், 37-ஆ?

அன்புடன்,
உன் சரசு