படங்கைச் சுவரில் தொங்கவிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். நிலைபேறு, அதாவது சூழலைக் கெடுக்காமல் வாழ்வது பற்றிய உங்கள் கண்காட்சி ஊர் ஊராகப் போய் ஹட்டனுக்கும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் பிள்ளைகள் பெரிய ஓவியங்களைப் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை தரம் 8, 9 பிள்ளைகள் 32 பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வேன் கூலிக்கு வீட்டுக்கு 300 ரூபாய். கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற மாதத்தில் அம்மாமார் அந்தக் காசைக் கொடுத்தார்கள்.

மண்டபத்தில் ஒரு விளக்கப் பலகைகூடத் தமிழில் இல்லை. சிங்களத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் இருந்த ஒரே இடம் 'தயவுசெய்து தொட வேண்டம்' என்ற அட்டை, அதிலும் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது. பாதிக்கு மேல் தமிழர் வாழ்கிற நுவரெலியா மாவட்டம் இது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

நடு மண்டபத்தில் ஒரு படங்கைத் தொங்கவிட்டிருந்தீர்கள். நல்ல வேலைப்பாடு, அதை நான் மறுக்கவில்லை. ஈரச் செடிக்குள் நின்று கொழுந்து பறிக்கும்போது உடுப்பு நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அதே தடித்த பொலித்தீன். எட்டாம் தரப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்ததும் "எங்கம்மாவோட படங்கு மாதிரியே இருக்கு சேர்" என்று கையை நீட்டினாள். பக்கத்தில் நின்றவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, கையை இழுத்துக்கொண்டு பின்னுக்குப் போய்விட்டாள். அப்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். கழித்து வீசிய பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னேன். "இத வீச மாட்டாங்களே சேர், இன்னும் கட்டலாம்" என்றாள்.

அந்தப் படங்கு முதலில் எங்கே கிழியும் என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் பக்கம், கவ்வாத்து வெட்டிய செடியின் குச்சி உரசுகிற இடத்தில். கிழிந்ததை நைலோன் நூலால் தைத்து, இரவில் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) காயப்போட்டு, விடிந்ததும் திரும்பக் கட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற தாயின் மகள் அவள். உங்கள் மண்டபத்துக்குள் வந்தவர்களில் அந்தப் பொருளை அவளைவிட நன்றாகத் தெரிந்த யாராவது இருந்தார்களா? அவளுக்குத்தான் வாசிக்க ஒரு வரி இல்லை.

அதனால் கேட்கிறேன். விளக்கங்களைத் தமிழில் எழுதுங்கள். எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கிழமை நாட்களில் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடினால், அந்த நேரத்தில் மலையில் வேலைக்கு நிற்கிற ஒரு பெண்ணாவது எப்படி வந்து பார்ப்பாள்?

நீர்மின்சாரப் பலகையில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் படம் அழகாக இருந்தது. 1960களின் கடைசியில் அந்தத் தண்ணீருக்குள் போனது பழைய மஸ்கெலியா. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் இன்றைக்கும் வெளியே தெரியும், நாங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். இடையில் கொழுந்து விளைச்சல் விழுந்தபோது, நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோ கணக்குக் காட்ட முடியாமல் நின்றவர்களும் எங்கள் ஆட்கள்தான். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை (வரிசை வீடுகளை) மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தும், எழும்பிப் போய்க் குடியிருக்க அந்தச் சனத்துக்கு ஒரு துண்டுக் காணி கிடைத்திருக்கவில்லை. மலையையும் மழையையும் மண்ணையும் பற்றிப் பேசுகிற எல்லோரும் எங்களைப் படமாக எடுக்கிறார்கள், முக்கால்வாசி முதுகுப் பக்கமிருந்து, கூடையோடு. எங்களிடம் வந்து பேசுகிறவர்கள் குறைவு. எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவில்லை.

சரி, இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. அன்றைக்கு நின்ற இளைஞர்கள் இருவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், பிள்ளைகளுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். இந்தப் பொருட்களைச் செய்தவர்கள் அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்பதும் பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கண்காட்சி அடுத்து பண்டாரவளைக்குப் போகிறது என்று சொன்னார்கள். அங்கே போவதற்கு முன் தமிழ்ப் பலகைகளைத் தயவுசெய்து தயார் பண்ணுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நானும் எங்கள் தமிழ் டீச்சரும் செய்து தருகிறோம், காசு வேண்டாம். அப்புறம் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடசாலைக்கும் வாருங்கள். மண்டபம் சின்னது, மழை பெய்தால் ஒரு மூலையில் ஒழுகும், மற்ற மூன்று பக்கச் சுவரும் நல்ல சுவர். மேடு ஏற லொறி கஷ்டப்பட்டால் கீழ் ரோட்டிலிருந்து சாமான்களைத் தூக்கி வர எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்கை மட்டும் கை எட்டுகிற உயரத்தில் தொங்கவிடுங்கள்.

பதிலை எதிர்பார்த்து,
ஒரு சித்திர ஆசிரியர்